ஒரே கோப்புக்கு இரண்டு கணக்குகள்

பெரிய மென்பொருள் எதையும் ஒருவரே ஒரே மூச்சில் எழுதி முடிப்பதில்லை. பலர் சேர்ந்து, பல ஆண்டுகள், நாள்தோறும் திருத்தித் திருத்தியே அதை வளர்க்கிறார்கள். இன்று செய்த திருத்தம் தவறு என்று நாளை தெரியவரலாம். அப்போது நேற்றைய நிலை வேண்டும். திருத்தியவர் யார், எதற்காகத் திருத்தினார் என்பதும் வேண்டும். இந்தத் தேவைக்காகப் பிறந்ததே பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை.

இம்முறைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு ‘எஸ்.சி.சி.எஸ்.’ என்ற முதல் கருவியை உருவாக்கினார். 1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ‘ஆர்.சி.எஸ்.’ என்பதை அமைத்தார். பின்னர் ‘சி.வி.எஸ்.’ வந்தது. 2004-இல் ‘சப்வெர்ஷன்’ முதல் முழுப் பதிப்பாக வெளியாயிற்று. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்பதை எழுதினார். இன்று உலகில் மிகப் பரவலாக வழங்குவது இந்தக் கிட் முறையே.

மற்றொரு பக்கம், நிரல் எழுதுவோரின் மேசையும் மாறிற்று. எழுத ஒரு கருவி, மொழிபெயர்க்க ஒன்று, பிழை தேட ஒன்று என்றிருந்த நிலை போய், எல்லாம் ஒரே திரையில் அடங்கிய மென்பொருள் ஆக்கப் பணிச்சூழல்கள் தோன்றின. எக்லிப்ஸ், விஷுவல் ஸ்டுடியோ, எக்ஸ்கோட், விஷுவல் ஸ்டுடியோ கோட் ஆகியவை இவ்வகையின. பதிப்புக் கட்டுப்பாட்டையும் இதே திரைக்குள் கொண்டுவருவது இயல்பான அடுத்த படி. அந்தப் படியில் ஏறும்போது நேர்ந்த தடுமாற்றங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிட்டையும் பேரேடும்

மளிகைக் கடையில் அன்றாட வியாபாரத்தைச் சிட்டையில் குறிப்பார்கள். மாலையில் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். சிட்டையில் அடித்தல் திருத்தல் இருக்கலாம். பேரேட்டில் இருக்கக் கூடாது. கிட் முறையும் ஏறத்தாழ இப்படியே நடக்கிறது. நாம் திருத்தும் கோப்புகள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அவற்றுள் எவற்றைப் பதிய வேண்டுமோ அவற்றை முதலில் தனியே எடுத்து வைக்கிறோம். பிறகு ஒரு குறிப்புரையுடன் களஞ்சியத்தில் பதிவு செய்கிறோம். பதிவானது எளிதில் அழியாது. பதிவாகாதது எப்போது வேண்டுமானாலும் அழியலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு வேர் அதில் இருக்கிறது.

பணிச்சூழலுக்கும் தனியே ஒரு கணக்கு உண்டு. எந்தக் கோப்பு திறந்திருக்கிறது, எந்தக் கோப்புகள் சேர்ந்து ஒரு திட்டமாகின்றன, எது எதை நம்பியிருக்கிறது என்பனவற்றை அது தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஆகவே, ஒரே கோப்புக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் அமைந்துவிடுகிறார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாவிட்டால் என்ன ஆகும்?

கிளை மாறும்போது

கிட் முறையில் ஒரே மென்பொருளின் பல கிளைகளை வைத்துக்கொள்ளலாம். கிளை மாறினால் கோப்புறையில் உள்ள கோப்புகள் ஒரு நொடியில் மாறிவிடும். ஆனால் திரையில் திறந்திருப்பதோ பழைய கிளையின் கோப்பு. பயனர் அதில் இரண்டு வரி திருத்திச் சேமித்தால், பழைய கிளையின் உள்ளடக்கம் புதிய கிளையின்மேல் ஏறிவிடும் ஆபத்து உண்டு. நல்ல பணிச்சூழல் வட்டில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். எக்லிப்ஸ் நெடுங்காலம் வேறொரு வழியைக் கையாண்டது. தன் நினைவும் வட்டும் ஒத்திருக்கவில்லை என்று ஒரு செய்தியைக் காட்டும்; பயனரே புதுப்பிக்கும் விசையை அழுத்த வேண்டும். எத்தனையோ நிரலர்களுக்கு அந்தச் செய்தி மனப்பாடம். தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு பின்னரே அங்கே வழக்கமாயிற்று.

கிளை மாறுவதில் மற்றொரு நுட்பமும் உண்டு. கிட் கோப்புகளின் பழைய நேரத்தைக் காப்பதில்லை. கிளை மாறும்போது எழுதப்படும் கோப்புக்கு அந்த நொடியே நேரமாகிறது. கோப்பின் நேரத்தைப் பார்த்து எதை மீண்டும் மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்யும் கருவிகள் இதனால் ஏமாறுகின்றன. வேறு கிளைக்குப் போய் உடனே திரும்பினாலும், உள்ளடக்கம் மாறாத கோப்புகளைப் புதியவை என்று எண்ணி மறுபடி வேலை செய்கின்றன.

பின்னணியில் நடக்கும் மோதலும் இவ்வகையே. எந்தக் கோப்பு மாறியது என்று காட்டுவதற்காகப் பணிச்சூழல் அடிக்கடி கிட்டை அழைக்கிறது. அப்படி அழைக்கும்போது கிட் தன் குறிப்பேட்டைப் பூட்டிக்கொள்வது உண்டு. அதே நொடியில் பயனர் கட்டளைத் திரையில் ஏதாவது செய்தால், வேறொரு கிட் செயல் நடக்கிறது என்று மறுப்பு வரும். பயனரோ தாம் ஒன்றும் செய்யவில்லையே என்று திகைப்பார். கட்டாயமில்லாத பூட்டுகளை விட்டுவிடச் சொல்லும் வசதி 2017-இல் வந்த கிட் 2.15 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பின்னணிக் கருவிகள் கேட்டு நடக்கத் தகுந்த வழி அது.

‘மாற்றம்’ என்றால் என்ன?

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்லப்போவது இழப்பு.

2017-இல் ஒரு பயனர் விஷுவல் ஸ்டுடியோ கோடைப் புதிதாக நிறுவினார். தம் பழைய வேலை இருந்த கோப்புறையை அதில் திறந்து, பதிப்புக் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சோதித்துப் பார்த்தார். பதிவுக்குக் காத்திருக்கும் மாற்றங்கள் ஐயாயிரம் என்று திரை காட்டிற்று. அவருக்கு அவை வேண்டியிருக்கவில்லை. எல்லா மாற்றங்களையும் கைவிடும் கட்டளையைக் கொடுத்தார். இதை மீட்க முடியாது என்று எச்சரிக்கை வந்தது, சம்மதித்தார். மூன்று மாத உழைப்பு முழுவதும் வட்டிலிருந்து அழிந்துபோயிற்று. அவருடைய கோபமான புகார் நிரலர் உலகில் பரவலாகப் பேசப்பட்டது.

அவர்மீதே குற்றம் சொன்னவர்கள் பலர். எச்சரிக்கையைப் படித்தும் சம்மதித்தாரே, வேறு படி வைத்துக்கொள்ளவில்லையே என்றார்கள். படி வைத்துக்கொள்ளாதது தவறுதான். ஆனால் திறனாய்வு அங்கே நின்றுவிடலாகாது. எச்சரிக்கையில் இருந்த ‘மாற்றம்’ என்ற சொல்லை நாம் ஆராய வேண்டும்.

சாதாரணப் பயனருக்கு மாற்றம் என்றால், இருந்த ஒன்றில் செய்த திருத்தம். மாற்றத்தைக் கைவிட்டால் பழைய நிலை திரும்பும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிட்டின் கணக்கு வேறு. புதிதாகத் தொடங்கிய களஞ்சியத்தில் எந்தக் கோப்பும் இன்னும் பதிவாகவில்லை. ஆகவே ஒவ்வொரு கோப்பும், அது இருப்பதே, ஒரு மாற்றம். அந்த மாற்றத்தைக் கைவிடுவது என்றால் கோப்பை நீக்குவது. கிட்டின் கட்டளைத் திரையில் திருத்தத்தைக் கைவிடுவது ஒரு கட்டளை. கணக்கில் ஏறாத கோப்புகளைத் துடைப்பது மற்றொரு கட்டளை. துடைக்கும் கட்டளை, தனியே வற்புறுத்திச் சொன்னாலன்றி, வழக்கமான அமைப்பில் வேலை செய்யவே மறுக்கும். பணிச்சூழலை அமைத்தவர்கள் இந்த இரண்டையும் ஒரே பெயரில் ஒரே பொத்தானுக்குள் வைத்தார்கள். எளிமை வேண்டும் என்று செய்ததுதான். ஆனால் அதனால் கிட்டில் இருந்த பாதுகாப்பு வேலி பணிச்சூழலில் இல்லாமற் போயிற்று.

மீட்க முடியாது என்று சொன்ன எச்சரிக்கை, எது அழியும் என்று சொல்லவில்லை. ‘ஐயாயிரம் கோப்புகள் வட்டிலிருந்து நீக்கப்படும்’ என்ற ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கக்கூடும். பின்னர் அந்த எச்சரிக்கை திருத்தப்பட்டது. கோப்புகள் நீக்கப்படும் என்பதை இப்போது அது வெளிப்படையாகச் சொல்கிறது. இத்திருத்தத்தை ஆக்கியோர் தரப்பின் ஒப்புதலாகவே கொள்ளலாம்.

பெயர் ஒன்று, செயல் வேறு

இதே குறை சிறிய அளவில் வேறிடங்களிலும் காணப்படுகிறது. பதிவுக்கு எதையும் எடுத்து வைக்காமல் பதிவு செய்யச் சொன்னால் கிட் மறுக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோட் மறுப்பதில்லை. எல்லாவற்றையும் எடுத்துப் பதிந்துவிடட்டுமா என்று கேட்கிறது. ‘எப்போதும்’ என்ற விடையை ஒருமுறை அழுத்திவிட்டால் அதன்பின் கேட்பதும் இல்லை. எடுத்து வைத்துப் பார்த்துப் பதியும் நடுப்படி, அதாவது சிட்டையைச் சரிபார்க்கும் படி, இவ்வாறு மறைகிறது. கடவுச்சொல் எழுதிய ஒரு கோப்பும் கூட்டத்தோடு பேரேட்டில் ஏறிவிடலாம். அதைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டபின், அடுத்த பதிவில் நீக்கிப் பயனில்லை. பழைய பதிவைத் திறப்பவர் எவரும் அதைப் படிக்கலாம்.

‘ஒத்திசை’ என்னும் பொத்தானும் அவ்வாறே. அது பிறர் செய்த பதிவுகளை வாங்குகிறது. உடனே நம் பதிவுகளை அனுப்பியும் விடுகிறது. வாங்கிப் பார்த்து, சோதித்து, பிறகு அனுப்ப எண்ணியவருக்கு இடையில் நிற்க இடமில்லை.

சில பணிச்சூழல்களில் உள்ளே ஓடுவது மூலக் கிட்டே அன்று. எக்லிப்சின் ‘ஈகிட்’ இணைப்பு, ஜாவா மொழியில் மறுபடி எழுதப்பட்ட ‘ஜேகிட்’ என்பதைக் கொண்டு இயங்குகிறது. பதிவுக்கு முன் தானே ஓடிப் பிழை பார்க்கும் சோதனைகளைக் கிட்டில் அமைக்கலாம். ஈகிட்டின் தொடக்கப் பதிப்புகளில் அவை ஓடவில்லை. அவ்வசதி பிறகே சேர்ந்தது. ஒரே குழுவில் ஒருவருடைய பதிவு சோதனைக்கு உட்பட்டது, மற்றவருடையது உட்படவில்லை. இருவர் திரையிலும் பொத்தானின் பெயர் ஒன்றுதான்.

சூழலின் சொந்தக் குறிப்புகள்

பணிச்சூழல் தன் குறிப்புகளையும் நிரலோடு அதே கோப்புறையில் எழுதிவைக்கிறது. எது படைப்பு, எது குறிப்பு என்ற எல்லை இங்கே மங்குகிறது. 1990-களில் பரவலாக இருந்த மைக்ரோசாஃப்டின் ‘விஷுவல் சோர்ஸ்சேஃப்’ முறையில், களஞ்சியத்தோடு உள்ள தொடர்பு விவரங்கள் திட்டக் கோப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டன. திட்டத்தை வேறிடத்துக்கு நகர்த்தினால் தொடர்பு அறுந்து கேள்விகள் கிளம்பும்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. சப்வெர்ஷன் தன் குறிப்புகளை ஒவ்வொரு கோப்புறையினுள்ளும், புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மறைகோப்புறையில் வைத்தது. விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட் 2003-இன் இணையத் திட்டங்களுக்கு அந்தப் புள்ளி பிடிக்கவில்லை. பணிச்சூழலின் குறைதான், ஆனால் வளைந்துகொடுத்தது சப்வெர்ஷன். புள்ளிக்குப் பதில் அடிக்கோடு இட்டுக்கொள்ளும் ஒரு தனி அமைப்பை அது 1.3 பதிப்பில் சேர்த்தது. 2011-இல் வந்த 1.7 பதிப்பில், கோப்புறைதோறும் குறிப்பு வைக்கும் வழக்கமே கைவிடப்பட்டு, தலைக் கோப்புறையில் மட்டும் ஒன்று என்றாயிற்று.

ஆப்பிளின் எக்ஸ்கோடில் திட்டத்தைச் சேர்ந்த கோப்புகளின் பட்டியல் ஒரே திட்டக் கோப்பில் இருந்தது. இருவர் தனித்தனியே ஆளுக்கொரு புதிய கோப்பைச் சேர்த்தால், நிரலில் மோதல் இல்லாவிட்டாலும் பட்டியலில் மோதல் வரும். நீண்ட அடையாளக் குறிகள் நிறைந்த அந்தப் பட்டியலைக் கையால் இணைப்பது மாணவருக்கு எளிதன்று. விஷுவல் ஸ்டுடியோ 2017-இலிருந்து சி-ஷார்ப் திட்டங்களில் புதிய வகைத் திட்டக் கோப்பு வந்தது. கோப்புறையில் உள்ளவை எல்லாம் திட்டத்தைச் சேர்ந்தவை என்று அது கொள்வதால் பட்டியல் தேவைப்படவில்லை. எக்ஸ்கோட் இத்தகைய வழிக்கு 2024-இல் வந்த 16-ஆம் பதிப்பில்தான் திரும்பிற்று. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கருவி என்ற எண்ணத்தில் அமைத்த கோப்பு, பலர் கையில் சிக்கும்போது எப்படித் திண்டாடும் என்பதற்கு இது நல்ல சான்று.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்தால் உருளையை வலப்பக்கம் தள்ள வேண்டும். தாளை ஒரு வரி உயர்த்தவும் வேண்டும். விண்டோஸ் முறையில் வரி முடிவுக்கு இந்த இரண்டு செயல்களுக்குமான இரு குறிகள் உண்டு. யூனிக்ஸ் வழியில் ஒரு குறியே. ஒருவர் ஒரு வரியைத் திருத்துகிறார். அவருடைய பணிச்சூழல் கோப்பு முழுவதையும் தன் வழக்கப்படி வரி முடித்துச் சேமிக்கிறது. ஆயிரம் வரிக் கோப்பில் ஆயிரமும் மாறியதாகப் பதிவு ஏறுகிறது. பிறகு இந்த வரியை எழுதியவர் யார் என்று வரலாற்றைக் கேட்டால், ஒரு வரி தொட்டவர் பெயரே ஆயிரத்துக்கும் வருகிறது. வரலாறு அழியவில்லை, ஆனால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பொய் சொல்கிறது.

தமிழருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சிக்கலும் இவ்வினத்தில் உண்டு. ‘கோலம்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் இடுவதாகக் கொள்வோம். ஒருங்குறி முறையில் ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களாகப் பார்க்கும் கணிப்பொறிக்கு வேறு வேறு. ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் வட்டு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைக்கும். ஆகவே லினக்சில் பதிவான கோப்பை ஆப்பிளில் எடுத்தால், இருந்த கோப்பு காணவில்லை, அதே பெயரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று கிட் சொல்லும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொருந்தும். இதைச் சரிசெய்யும் அமைப்பு 2012-இல் கிட்டில் சேர்ந்தது. 2017-இல் வந்த ஆப்பிளின் புதிய வட்டு முறை பெயரைப் பிரிக்காமல் காக்கிறது.

திறந்தாலே ஆபத்து

நிரலை ஓட்டினால்தான் ஆபத்து. திறந்து படிப்பதில் என்ன என்று எண்ணுவோம். பதிப்புக் கட்டுப்பாடு இணைந்த பணிச்சூழலில் இது உண்மையன்று. கோப்புறையைத் திறந்தவுடன் அது கிட்டை ஓட்டுகிறது. கிட்டின் அமைப்புக் கோப்பில் வேறு கட்டளைகளை ஓட்டுமாறு எழுதிவைக்க இடமுண்டு. பலர் பகிரும் கணிப்பொறியில், வேறொருவர் மேல்நிலைக் கோப்புறையில் தீய அமைப்புக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டால், நாம் நம் வேலையைத் தொடங்கும்போதே அவர் கட்டளை ஓடிவிடும். 2022 ஏப்ரலில் கிட் இதை அடைத்தது. கோப்புறையின் உரிமையாளர் வேறொருவராக இருந்தால், பயனர் வெளிப்படையாக நம்பிக்கை தெரிவித்தாலன்றி, அது வேலை செய்ய மறுக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடும் 2021-இலிருந்து, இந்தக் கோப்புறையை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. கேள்வி எரிச்சலூட்டுவதுதான். ஆனால் இது காரணம் உள்ள கேள்வி.

நமது மதிப்பீடு

இவ்வளவும் சொன்னதால், இணைப்பே வேண்டாம், கட்டளைத் திரையே போதும் என்று வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. மாறிய வரிகளை ஓரத்தில் நிறமிட்டுக் காட்டுவது, ஒரு வரியின் வரலாற்றை அந்த இடத்திலேயே சொல்வது, மோதும் இரு பதிப்புகளை அருகருகே வைத்து இணைக்க உதவுவது ஆகியவற்றைக் கட்டளைத் திரை இவ்வளவு தெளிவாகச் செய்யாது. சேமிக்கும்போதெல்லாம் தனிப்படி எடுத்துவைக்கும் உள்வரலாறு எக்லிப்சில் முன்பே இருந்தது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் அது 2022-இல் வந்தது. பணிச்சூழலில் திருத்திய கோப்புகளுக்கு மட்டுமே அது துணை என்றாலும், நல்ல துணை.

மேற்கண்ட குறைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இணைப்பு, இருக்கும் நிலையைக் காட்டும் இடங்களில் வெற்றி பெறுகிறது. நிலையை மறைத்துச் செயலை எளிதாக்க முயலும் இடங்களில் தோற்கிறது. ஆகவே ஒரு பணிச்சூழலை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். அழிக்கும் முன் எது அழியும் என்று சொல்கிறதா? அதன் பொத்தானும் அடியில் உள்ள கருவியும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் கொள்கின்றனவா? தன் குறிப்புகளை நம் படைப்போடு கலக்காமல் வைக்கிறதா? மூன்றுக்கும் முழுமையாக ஆம் என்று சொல்லத்தக்க பணிச்சூழல் இன்னும் இல்லை என்பதே நமது கருத்து. ஆனால் திருத்தங்கள் இந்தத் திசையிலேயே நடந்துவருகின்றன.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். பொத்தானை அழுத்தும் முன், அதற்குரிய கட்டளையை ஒருமுறையாவது கையால் கொடுத்துப் பாருங்கள். பதிவுக்கு எடுத்து வைத்தவற்றை வரி வரியாகப் படித்தபின் பதியுங்கள். பதிய வேண்டாத கோப்புகளின் பட்டியலைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். வரி முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் களஞ்சியத்திலேயே குறித்துவிடுங்கள். ஒவ்வொருவர் பணிச்சூழலின் விருப்பத்துக்கும் விட்டுவிடாதீர்கள். புதிய கருவியைச் சோதிக்க விரும்பினால், மூன்று மாத உழைப்பு உள்ள கோப்புறையில் சோதிக்காதீர்கள். வெறும் கோப்புறை ஒன்றில் இரண்டு கோப்புகளை வைத்துச் சோதியுங்கள்.